கண்ணாடித் தகட்டில் மிஞ்சிய பனி

நூறு வருஷத்துக்கு முன்னால் சுவிட்சர்லாந்தின் நில அளவையாளர்கள் ஃபோட்டோ தியோடலைட் எனும் கனத்த கேமராவை ஆல்ப்ஸ் சிகரங்களுக்குச் சுமந்துபோனார்கள். ஒரே பள்ளத்தாக்கை இரண்டு இடங்களிலிருந்து கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார்கள். அன்றைய நோக்கம் வரைபடம் தயாரிப்பது, அவ்வளவுதான்.

அந்தத் தகடுகளைப் பத்திரமாக வைத்திருந்தார்களே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்! 1916-இலிருந்து 1947 வரை எடுத்த 21,703 படங்களை, எரிக் ஷீட் மானர்ஃபெல்ட் என்ற இளம் ஆய்வாளரும் சூரிச் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினரும் கணினியில் ஏற்றினார்கள். நம் இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தை அளப்பதுபோல, இரு படங்களிலும் தெரியும் ஒரே பாறையைக் கணினி பொருத்திப் பார்க்கிறது. பனியாற்றின் அன்றைய உயரம் கிடைத்துவிடுகிறது. அதிலிருந்து இன்றைய உயரத்தைக் கழித்தால், உருகியது எவ்வளவு என்று தெரியும்.

2022-இல் முடிவு வெளியானது. 1931-க்கும் 2016-க்கும் இடையே சுவிஸ் பனியாறுகளின் கன அளவில் பாதி போய்விட்டது. படிக்கும்போதே மனசு கனக்கிறது. ஃபீஷர் பனியாற்றின் 1928-ஆம் ஆண்டுப் படத்தில் பனிக்கடல். 2021-ஆம் ஆண்டுப் படத்தில் அங்கங்கே சில வெள்ளைத் திட்டுகள்.