ஒரே மலைத்தொடர், இரண்டு முழக்கங்கள்

"காட்டைக் காப்போம்" என்ற பேச்சுக்குப் பாலக்காட்டில் கைதட்டலும் இடுக்கியில் கடையடைப்பும் ஏன் கிடைத்தன? இதை நான் பலமுறை யோசித்ததுண்டு.

பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழையின் குறுக்கே 120 மெகாவாட் மின்சாரத்துக்காக அணை கட்ட முனைந்தார்கள். மலபாருக்கு மின்சாரம் வேண்டாமா என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் கவிஞர் சுகதகுமாரி போன்றோரும் ஊர் ஊராகப் பேசினார்கள், எழுதினார்கள். சிங்கவால் குரங்கு வீட்டுப் பிள்ளை போலாயிற்று. 1984இல் அந்த வனம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே எந்த விவசாயியின் பட்டாவுக்கும் ஆபத்தில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இடுக்கியில் கதையே வேறு. மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கை, மறு ஆண்டு மே மாதம் வரை வெளிவரவே இல்லை. வந்தபோதும் ஆங்கிலத்தில் வந்தது. கிராம சபைகளைக் கலந்துதான் முடிவெடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தச் சேதி மலையேறவில்லை. "நம்மை இறக்கி விடப் போகிறார்கள்" என்ற சேதிதான் முதலில் ஏறியது. அதை நம்பியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1961இல் இடுக்கி அணைக்காக ஐயப்பன்கோவில் மக்களை அப்புறப்படுத்தி அமராவதியில் கொண்டுபோய் விட்டதும், ஏ.கே. கோபாலன் உண்ணாவிரதம் இருந்ததும் அந்த மண்ணில் மறக்கிற விஷயங்களா?

பின்னர் வந்த கஸ்தூரிரங்கன் குழு கேரளத்தில் 123 கிராமங்களைக் குறித்தது. 2013 நவம்பரில் மலை கொந்தளித்தது. காட்கிலை ஆதரித்த எம்.பி. பி.டி. தாமஸுக்கு 2014இல் இடுக்கியில் சீட் இல்லை. போராட்டக்காரர்கள் ஆதரித்த ஜாய்ஸ் ஜார்ஜ் வென்றார்.

கனடாவில் வாழும் நம்மவர்களுக்கு இது புதிதாயிராது. கார்பன் கட்டணத்தில் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திரும்பி வந்தது. ஆனாலும் "வரி" என்ற சொல்லே நின்றது. 2025 ஏப்ரலில் பொதுமக்கள் செலுத்திய எரிபொருள் கட்டணம் எடுக்கப்பட்டது.

இந்தக் கூச்சலில் தோட்டத் தொழிலாளிகளான நம் தமிழர்களை நினைத்தவர் குறைவு. லயத்தில் வாழ்கிறவனுக்கு நிலமே இல்லை. "பட்டா போய்விடும்" என்ற பயம் அவனுக்கு எதற்கு? "குரங்கைக் காப்போம்" என்றாலும் அவன் பெயர் அதில் வராது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். உங்கள் தலைக்கு மேலே உள்ள சரிவைப் பற்றிய அறிக்கை இது என்று தமிழில் யாராவது முன்பே அவர்களிடம் சொல்லியிருக்கலாம்.

2024 ஜூலை 30இல் வயநாடு சரிந்தது. மறுநாளே மத்திய அரசு மறுபடியும் ஒரு வரைவு அறிவிப்பை வெளியிட்டு, ஆட்சேபணை சொல்ல 60 நாள் கொடுத்தது.