மனசாட்சியும் மருத்துவர் கடமையும்



நம் அறக்கட்டளையின் கல்வி உதவியில் எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவி ஒருவர் சென்ற மாதம் தம் வாப்பாவுடன் அலுவலகம் வந்திருந்தார். "சாச்சா, கருக்கலைப்புக்கு உதவச் சொன்னால், மார்க்கத்தில் கூடாது என்று நான் மறுக்கலாமா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை, மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் உள்ள மற்ற வீடுகளுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நம் நாட்டு மருத்துவர்களுக்கு இன்றும் பொருந்துவது 2002-ஆம் ஆண்டின் தொழில் நெறி விதிமுறைகள்தாம். (2023-இல் புதிய விதிமுறைகளை அறிவித்து, அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்துவிட்டார்கள்.) மருத்துவக் காரணம் இருக்கும்போது கருத்தடை, கருக்கலைப்பு போன்றவற்றை மதத்தை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்கிறது அதிலுள்ள ஒரு விதி. அந்தச் சிகிச்சையைச் செய்யத் தமக்குத் திறமை போதாது என்று கருதினால் மட்டும் விலகலாம்.

படித்ததும் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதே விதியின் பட்டியலில் சுன்னத்தும் இருக்கிறது! முன்தோல் இறுகி, சிறுநீர் கழிக்க முடியாமல் துடிக்கும் நம் பிள்ளையை, "இது உங்கள் மதச் சடங்கு, எனக்கு உடன்பாடில்லை" என்று எந்த மருத்துவரும் திருப்பி அனுப்ப முடியாது. அந்த மாணவியைக் கட்டுப்படுத்தும் விதிதான் இந்தப் பிள்ளையைக் காக்கிறது.

பிரிட்டனில் வேறு ஏற்பாடு. அங்கே 1967-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமே மனசாட்சிப்படி மறுக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் பெண்ணின் உயிரைக் காக்க வேண்டிய நேரத்தில் அது செல்லாது. கிளாஸ்கோ நகரின் கத்தோலிக்க மருத்துவச்சிகள் இருவர், கருக்கலைப்பில் ஈடுபடும் ஊழியர்களை மேற்பார்வை செய்யவும் மாட்டோம் என்று வழக்காடினார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நேரடியாகச் சிகிச்சை செய்வதை மறுக்கலாம், மேற்பார்வையை மறுக்க முடியாது என்றது. மறுப்பவர், நோயாளியை அதைச் செய்யக்கூடிய வேறொருவரிடம் அனுப்பிவைக்க வேண்டும் என்றும் கூறியது.

தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு என்பதே இன்றைய உலமாக்களின் பரவலான நிலைப்பாடு. ஆகவே மிக அவசரமான வேளையில் மார்க்கமும் விதியும் மோதுவதில்லை. கரு தானே கலைந்து, ரத்தப்போக்குடன் வரும் பெண்ணுக்குச் செய்வது கருக்கலைப்பே அல்ல. அதற்குத் தயங்கி நிற்பதுதான் பெரும் பாவமாகிவிடும்.

மற்ற வேளைகளுக்கு நான் மாணவியிடம் சொன்னது இதுதான்: மனம் ஒப்பவில்லை என்றால் பணியில் சேரும்போதே யூனிட் தலைவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் வேறு ஆளை ஏற்பாடு செய்வார். நோயாளி மேஜையில் படுத்திருக்கும்போது சொல்லாதீர்கள். அவருக்கு உபதேசமும் செய்யாதீர்கள்.

"அப்படியானால் மேற்படிப்புக்கு மகப்பேறு வேண்டாம், குழந்தை மருத்துவமே எடுத்துக்கொள்கிறேன்" என்றார் அவர். வாப்பாவின் முகம் வாடிவிட்டது. பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் தேடி நம் பெண்கள் படும் பாடு அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே ம்மா, பிரசவ வார்டில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.