கேலியா? வதையா?

பள்ளியில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்வது உண்டு. இருவரும் சேர்ந்து சிரித்தால் அது விளையாட்டு. ஒருவர் சிரிக்க, மற்றவர் அழுதால் அது வதை.

அந்தமானில் ஸ்ரீ விஜயபுரம் நகரம் இருக்கிறது. 2024 வரை அதன் பெயர் போர்ட் பிளேர். அந்த நகரத்தின் ஒரு பகுதிதான் மின்னி பே. தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு என்று பல மொழி பேசுவோர் அந்த நகரில் வாழ்கிறார்கள். ஒரு பிள்ளையின் பேச்சையோ, நிறத்தையோ, சாதியையோ சொல்லி இழிவுபடுத்துவது வதை. அடிப்பது, காசு பிடுங்குவது, பேசாமல் ஒதுக்கி வைப்பது ஆகியவையும் வதையே.

இதைத் தடுக்கச் சட்டம் உண்டா? உண்டு. தமிழ்நாட்டில் அது ஓர் உயிர் போன பிறகு வந்தது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தவர் நாவரசு. முதலாம் ஆண்டு மாணவர். 1996 நவம்பரில் மூத்த மாணவர் ஒருவர் அவரைக் கொலை செய்தார். தமிழ்நாடே அதிர்ந்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை என்று தீர்ப்புச் சொன்னது.

கல்லூரியில் நடக்கும் வதைக்கு ராகிங் என்று பெயர். 1997இல் தமிழ்நாடு அரசு ராகிங் தடைச் சட்டம் கொண்டு வந்தது. ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை சிறை. 10,000 ரூபாய் வரை அபராதம். புகார் வந்ததும் கல்லூரித் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். விசாரிக்காவிட்டால் அவரும் குற்றத்துக்கு உடந்தை ஆவார்.

இது தமிழ்நாட்டுச் சட்டம். மற்ற இடங்களில் என்ன நிலை? நாட்டில் உள்ள எல்லாக் கல்லூரிகளுக்கும் 2009இல் விதிகள் வந்தன. பல்கலைக்கழக மானியக் குழு அவற்றை வெளியிட்டது.

பள்ளிக்கு வேறு விதி இருக்கிறது. அந்தமான் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. வாரியத்தில் சேர்ந்தவை. 2015இல் அந்த வாரியம் தன் பள்ளிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. ஒவ்வொரு பள்ளியிலும் வதைத் தடுப்புக் குழு வேண்டும். அதில் ஆசிரியரோடு பெற்றோர் ஒருவரும் இருக்க வேண்டும்.

ஆசிரியரும் பிள்ளையை அடிக்கக் கூடாது. மனம் நோகச் செய்யவும் கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

பிள்ளை காரணம் சொல்லாமல் பள்ளிக்குப் போக மறுக்கிறதா? அடிக்கடி வயிற்று வலி என்கிறதா? புத்தகம் கிழிந்து வருகிறதா? திட்டாமல், பொறுமையாகக் கேளுங்கள். பிள்ளை சொல்வதை நம்புங்கள்.

பிறகு தலைமை ஆசிரியருக்குப் புகார் எழுதுங்கள். வாயால் சொன்னது மறந்து போகும். தாளில் எழுதியது நிற்கும். புகாரில் இவை இருக்கட்டும்:

பிள்ளையின் பெயர், வகுப்பு.
என்று நடந்தது? எங்கே நடந்தது?
என்ன நடந்தது? யார் பார்த்தார்கள்?
உங்கள் பெயர், கையெழுத்து, தேதி.

இரண்டு படி எழுதுங்கள். ஒன்றைக் கொடுங்கள். மற்றொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கி, வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

அவசரம் என்றால் 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம். இது குழந்தைகளுக்கான உதவி எண். கட்டணம் இல்லை. பிள்ளையே கூடப் பேசலாம்.

புகார் எழுதப் பெரிய படிப்பு வேண்டாம். நடந்ததை நடந்தபடி நாலு வரி எழுதினால் போதும். அந்த நாலு வரி ஒரு பிள்ளையைக் காப்பாற்றலாம்.