ஒற்றை நூலில் ஒரு ஸ்வெட்டர்

தருமபுரிப் பக்கத்து இண்டூரில் எந்த வீட்டுக் கொடியைப் பார்த்தாலும் ஒரு பனியனாவது காயும். அதை எடுத்து அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள். துணி விரியும், விட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். பக்கத்தில் காயும் வேட்டியை அதேபோல் இழுத்தால் அசைந்து கொடுக்காது. இரண்டும் பருத்திதான். பருத்தி நூல் தானாக நீளக்கூடியது அல்ல. அப்படியானால் பனியனுக்கு மட்டும் இந்த நெகிழ்வு எங்கிருந்து வந்தது? நூல் போன பாதையிலிருந்து வந்தது.

வேட்டி நெய்த துணி. பாவு நூல்கள் நீளவாக்கில் விறைப்பாக நிற்க, ஊடை குறுக்கே போய்வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் குரும்பர்கள் செம்மறியாட்டு மயிரை நூற்றுச் செய்த கறுப்புக் கம்பளியும் இப்படி நெய்ததுதான். குளிரைத் தாங்கும், மழைத் தூறலையும் தாங்கும், ஆனால் உடம்போடு ஒட்டி வளையாது. போர்த்திக்கொள்ளத்தான் முடியும். பனியனிலும் ஸ்வெட்டரிலும் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் வளைந்து ஒரு கண்ணியாகிறது. அந்தக் கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணி இழுக்கப்படுகிறது. அதற்குள்ளிருந்து இன்னொன்று. துணி முழுவதும் இவ்வளவுதான். இழுக்கும்போது நூல் நீளவில்லை, வளைந்திருந்த கண்ணிகள் சற்று நிமிர்கின்றன. விட்டதும் மறுபடி வளைகின்றன.

சொல்லிவிட எளிதாக இருக்கிறது, கணக்குப் போட்டுக் காட்டுவது அப்படியல்ல. ஒரு பின்னல் துணி எவ்வளவு விசைக்கு எவ்வளவு நீளும் என்பதைக் கண்ணியின் வடிவத்திலிருந்தே கணித்துச் சொல்லும் ஆய்வு ஒன்றைப் பிரான்ஸின் இயற்பியலாளர்கள் 2018-இல் ‘பிசிகல் ரிவ்யூ எக்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் எலிசபெட்டா மட்சுமோட்டோ என்ற இயற்பியலாளரின் குழு, கண்ணி வகைகளை மாற்றி அடுக்கினால் துணியின் நெகிழ்ச்சியை விரும்பியபடி அமைக்கலாம் என்று 2024-இல் எழுதியது. திண்ணையில் உட்கார்ந்து செய்கிற கைவேலை என்று நினைக்கப்பட்ட ஒன்று இன்று பொருளறிவியலின் பாடமாக இருக்கிறது. இயற்பியலோ கணிதமோ படிக்கிற கல்லூரி மாணவர்கள் பின்னல் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

அடிப்படைக் கண்ணிகள் இரண்டுதான். முந்தைய கண்ணி வழியாக நூலைப் பின்னிருந்து முன்னே இழுத்தால் நிட். முன்னிருந்து பின்னே இழுத்தால் பர்ல். ஒன்றைத் துணியின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் மற்றது. ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல் என்று அமைந்தால் அது திருப்பூரில் சிங்கிள் ஜெர்சி. பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்வதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கமாக வளைந்திருப்பதால் அந்த வளைவுகள் எல்லாம் சேர்ந்து துணியைச் சுருட்டுகின்றன. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் இழுப்பு இருபக்கமும் சமமாகிவிடும், சுருளாது. அத்துடன் துணி விசிறி மடிப்பாக மடிந்து நிற்கும், நன்றாக விரியும். அதுதான் ரிப். மணிக்கட்டிலும் இடுப்பிலும் கழுத்திலும் ஸ்வெட்டர் கவ்விப் பிடிப்பதற்கு எலாஸ்டிக் தேவையில்லாமல் போவது இதனால்தான்.

இந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் லீ. 1589-இல் காலுறை பின்னும் சட்டம் ஒன்றை அமைத்தார். 1840-களில் லெஸ்டர் நகரத்து மாத்யூ டவுன்செண்ட், முனையில் சிறு தாழ்ப்பாள் வைத்துத் திறந்து மூடும் ஊசியைக் கண்டுபிடித்தார். திருப்பூரில் இன்று சுழலும் வட்டப் பின்னல் இயந்திரங்களில் இருப்பது அந்த ஊசியின் வழிவந்ததுதான். 30 அங்குல டயா (விட்டம்), 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) இயந்திரம் ஒன்றில் சுமார் 2,260 ஊசிகள் வட்டமாக நிற்கும். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கண்ணி. 90 நூல்கள் ஒரே நேரத்தில் ஊட்டப்பட்டால், உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போது 2 லட்சம் கண்ணிகள் விழும்.

கைப்பின்னலில் இருப்பது இரண்டு ஊசி. கண்ணிகள் எல்லாம் ஊசியின் மேலேயே வரிசையாகக் காத்திருக்கும், ஒவ்வொன்றாகத்தான் அவிழும். வேகத்தில் இயந்திரத்தோடு போட்டியே இல்லை. ஆனால் கைப்பின்னலுக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. பனியன் துணியை வெட்டி, ஓவர்லாக் அடித்து, தைத்துத்தான் உடுப்பாக்க வேண்டும். கைப்பின்னலில் துணி உருவாகும்போதே உடுப்பின் வடிவமும் உருவாகிறது. இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்கினால் துணி குறுகும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அகலும். கத்தரிக்கோலுக்கு வேலையில்லை, ஒரு நூலிழை வீணாவதில்லை. பிடிக்காவிட்டால் முழுவதையும் பிரித்து, அதே நூலில் வேறொன்று பின்னலாம்.

முதன்முதலாகப் பின்னுகிறவர்களை மஃப்ளரில் தொடங்கச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மஃப்ளர் நீளமான செவ்வகம், முடிவில்லாமல் ஒரே வேலை. பாதியில் சலித்துப் பைக்குள் போனவை எத்தனையோ. ஸ்வெட்டர் கடினமானதுதான், ஆனால் அந்தக் கடினம் விரலில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஆறேழு நாளில் விரல் பழகிவிடும். மீதியெல்லாம் பத்தாம் வகுப்பு விகிதக் கணக்கு.

போட்டுப் பார்ப்போம். 4 மில்லிமீட்டர் ஊசி, நடுத்தரப் பருமன் உல்லன் நூல். முதலில் ஒரு சாண் சதுரத்துக்கு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, காயவைத்து, அதன் நடுவில் அளக்க வேண்டும். 10 சென்டிமீட்டரில் 20 கண்ணிகள், 28 வரிசைகள் வருகின்றன என்று கொள்வோம். மார்புச் சுற்றளவு 90 செ.மீ., தளர்வுக்கு 10, ஆக 100 செ.மீ. அதற்கு 200 கண்ணிகள். உங்கள் கை சற்றே தளர்ந்து 10 செ.மீ.க்கு 19 கண்ணிகளே விழுந்தால் அதே 200 கண்ணிகள் 105 செ.மீ.யாகிவிடும். கை இறுகி 22 விழுந்தால் 91 செ.மீ., அதாவது தளர்வே இருக்காது. ஒன்றிரண்டு கண்ணி வித்தியாசத்துக்கு இந்த விளைவு. பலருடைய முதல் ஸ்வெட்டர் தம்பிக்கோ சித்தப்பாவுக்கோ போய்ச் சேர்வது மாதிரித் துண்டைத் தவிர்த்ததால்தான்.

200 என்ற எண் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே பிறக்கும். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் என்ற பின்னல் ஆசிரியை பரப்பிய முறை இது. உடலின் கண்ணிகளை 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டுக்கு 20 சதவீதம், அதாவது 40 கண்ணிகள். கையின் மேல்பகுதிக்கு 35 சதவீதம், 70. கழுத்துக்கு 40 சதவீதம், 80. அக்குளில் ஒதுக்கிவைக்க 8 சதவீதம், 16. அச்சிட்ட பேட்டர்ன் எதுவும் வேண்டாம், யார் உடம்புக்கும் எந்தப் பருமன் நூலுக்கும் இது பொருந்தும். ஆளுக்கு ஆள் மாறுவது நீளம் மட்டுமே, அதை டேப்பால் அளந்துகொள்ளலாம்.

உடலை வட்ட ஊசியில், அதாவது இரண்டு முனைகளை ஒரு வளையும் கம்பி இணைக்கிற ஊசியில், குழாயாகப் பின்ன வேண்டும். கீழே ரிப், பிறகு அக்குள் வரை வெறும் நிட். வட்டமாகப் போவதால் அங்கே பர்ல் தேவையே இல்லை. 40 செ.மீ. உயரத்துக்கு 112 சுற்று. கைகள் தனித்தனிக் குழாய்கள். 40 கண்ணிகளில் தொடங்கி, எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை இரண்டு கண்ணி கூட்டிக்கொண்டே போனால் 120 சுற்றில் 70 ஆகும். பிறகு மூன்றையும் ஒரே ஊசியில் ஏற்றி, அக்குளிலிருந்து கழுத்துவரை தோளை மூடும் யோக் பின்னுவது. இரண்டு அக்குளிலும் உடலும் கையும் சேருமிடத்தில் இருபக்கமும் 16 கண்ணிகளை ஒதுக்கியபின் ஊசியில் நிற்பவை 276.

அந்த 276 கழுத்தில் 80-ஐ ஒட்டிக் குறைய வேண்டும். யோக்கின் பாதி உயரம்வரை எதையும் குறைக்காமல் போய், ஒரே சுற்றில் நான்குக்கு ஒன்று குறைத்தால் 207. முக்கால் உயரத்தில் மூன்றுக்கு ஒன்று, 138. கழுத்துக்குச் சற்றுக் கீழே ஐந்துக்கு இரண்டு, ஏறத்தாழ 83. தோளின் சரிவு தானாக அமைந்துவிடுகிறது. தட்டையான தாளில் வெட்டி ஒட்டிக் கூம்பு செய்யும் வடிவியலை நூலிலேயே செய்துகாட்டும் இடம் இது. பின்னலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

மொத்தம் கிட்டத்தட்ட 49,000 கண்ணிகள். திருப்பூர் இயந்திரத்தின் ஒரு சுற்றில் கால் பங்குகூட ஆகாது. கண்ணிக்கு ஏறக்குறைய 2 செ.மீ. நூல் என்றால் ஒரு கிலோமீட்டர் நூல். நிமிடத்துக்கு 20 கண்ணிகள் போட்டால் சுமார் 41 மணி நேரம். தினமும் அரைமணி என்றால் 82 நாள். ஜூலையில் தொடங்கினால், மாதிரித் துண்டுக்கும் பிரித்துப் பின்னுவதற்கும் தாராளமாக நாள் ஒதுக்கினாலும், மார்கழிக் குளிருக்கு முன் முடியும்.

ஆனால் நடுவில் செமஸ்டர் இருக்கிறது. இண்டூரிலிருந்து தருமபுரிக்கோ பென்னாகரத்துக்கோ பஸ்ஸில் போய்வந்து, இன்டெர்னல், ரெக்கார்டு நோட்டு, நவம்பர்த் தேர்வு என்று ஓடுகிறவர்களுக்கு ஸ்வெட்டரின் எந்தப் பகுதி மூளையைக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தெரிந்திருந்தால் போதும். கணக்கும் மாதிரித் துண்டும் முழுக் கவனம் கேட்பவை, கல்லூரி திறந்த புதிதில் முடித்துவிட வேண்டும். உடலின் 112 சுற்றில் எண்ணவேண்டியது ஏதுமில்லை. படித்த பாடத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே பின்னலாம், ஒலிப்பதிவில் பாடம் கேட்கலாம். கைகள் சிறியவை, புத்தகப் பையில் அடங்கும், பஸ்ஸுக்கு ஏற்றவை. யோக்கைத் தேர்வு முடியும்வரை தொடவே வேண்டாம். தேர்வுக்கு முன் நிறுத்தும்போது, ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகள் வழியாகவும் வேறு நிறத்தில் ஒரு மெல்லிய தையல் நூலை ஓட்டிவிடுங்கள். ஊசி உருவிப்போனாலும் அந்த நூலுக்குக் கீழே எதுவும் பிரியாது. எத்தனையாவது சுற்று என்பதைத் தாளில் குறித்து உள்ளே வைத்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்து எடுத்தாலும் விட்ட இடம் தெரியும்.

ஒரு கண்ணி நழுவினால் பதற வேண்டியதில்லை. அது ஒரே நேர்கோட்டில் ஏணிப்படியாகக் கீழே இறங்கும், அவ்வளவுதான். குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக இழுத்து மேலே கொண்டுவந்துவிடலாம்.

பொருள்களுக்கு வெகுதூரம் போக வேண்டாம். போனி என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் பின்னல் ஊசிகள் நீலகிரியில் கேத்திக்குப் பக்கத்து எல்லநள்ளியில் உள்ள நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் பெயர்பெற்ற சரக்கு. 1949-இல் பதிவான நிறுவனம் அது. ஊசி வாங்கும்போது பழைய எண் முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். 4 மி.மீ. என்பது 8-ஆம் நம்பர். நூல் பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வருவது. உல்லன் என்று சொல்லி விற்பதில் பலவும் அக்ரிலிக். விலை குறைவு, எப்படித் துவைத்தாலும் தாங்கும், பழகுவதற்குக் குறையில்லை. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகித் துவண்டுவிடும், ஈரத்தை உள்ளே வாங்காது. அசல் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் நனைந்ததாகத் தோன்றாது. அதன் இழையிலுள்ள இயற்கைச் சுருள் காற்றைப் பிடித்துவைப்பதால்தான் கதகதப்பு. இழையின் மேல் நுண்ணிய செதில்களும் உண்டு. சுடுநீரில் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ஸ்வெட்டர் சுருங்கிக் கெட்டியாகிவிடும், திரும்ப விரிக்க வழியில்லை. தமிழ்நாட்டிலேயே மென்கம்பளி தரும் ஆடுகள் உண்டு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டினத்தையும், கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் பாரத் மெரினோவையும் ஆராய்ச்சி நிலையங்கள் வளர்க்கின்றன. அந்தக் கம்பளி பின்னல் நூலாகி நம் ஊர்க் கடைகளுக்கு வந்துசேர வேண்டும் என்பது என் ஆசை.

நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி நூல்தானே சரி என்று கேட்கலாம். இரண்டாவது ஸ்வெட்டருக்குச் சரி. பருத்தியில் கை ஏற்றத்தாழ்வு அப்படியே தெரியும், எடையும் கூடுதல், தொங்கித் தொங்கி நீளும். கம்பளி புதுக் கையின் கோணல்களைத் தன் சுருளில் வாங்கிக்கொள்ளும்.

கடைசியில் கழுத்து ரிப். 83-இல் மூன்றைக் குறைத்து 80 ஆக்கி, நாலைந்து வரிசை ரிப் பின்னியதும் கண்ணிகளை மூட வேண்டும். கழுத்தின் சுற்றளவு 40 செ.மீ., பெரியவர் தலை 55 செ.மீ.க்கு மேல். ரிப் விரியும், மூடிய ஓரம் இறுகியிருந்தால் விரியாது. அதனால் மூடும் வரிசைக்கு மட்டும் ஒரு அளவு பருமனான ஊசி. அக்குளில் ஒதுக்கிவைத்த 16 கண்ணிகளை இருபுறமும் தையல் ஊசியால் இணைத்தபின், குளிர்ந்த நீரில் நனைத்து, முறுக்காமல் துண்டில் வைத்து ஒற்றி, நிழலில் கட்டிலின் மேல் அளவுக்கு விரித்துக் காயப்போடுங்கள். கொடியில் போட்டால் நீரின் எடையில் கைகள் முழங்கால்வரை நீண்டுவிடும்.