முகம் தெரியணுமா, காலண்டர் தெரியணுமா?

விசேஷ வீட்டுப் போட்டோக்களை செல்போனில் தள்ளித் தள்ளிப் பாருங்கள் தோழிகளே. தாலி கட்டுகிற மாப்பிள்ளை மங்கலாக இருப்பார், பின்னால் இருக்கிற குத்துவிளக்கு பளிச்சென்று இருக்கும். குழந்தை முகம் கலங்கியிருக்கும், சுவரில் தொங்கும் மளிகைக்கடை காலண்டரில் தேதி கூடப் படிக்கலாம். உடனே "போன் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். பாவம், அது என்ன செய்யும்? நமக்கு யார் வேண்டும் என்று சொன்னால்தானே அதற்குத் தெரியும்!

அந்தக் காலத்து ஹாட் ஷாட் கேமராவில் ஃபோகஸ் திருப்பவே வழி கிடையாது. நாலைந்து அடி தள்ளி நின்றால் எல்லாரும் சுமாராக விழுந்துவிடுவார்கள். தானாகவே ஃபோகஸ் செய்கிற கேமராவை 1977-ல் ஜப்பானின் கோனிகா கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு அந்த வசதி நம் செல்போனிலேயே இருக்கிறது. ஆனால் அது செய்வது ஊகம்தான். வெளிச்சமும் இருட்டும் சட்டென்று மாறுகிற இடம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். ஜன்னல் கம்பி, புடவை ஜரிகை, கட்டம் போட்ட சட்டை, இதிலெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். முகம் தெரிந்தால் முகத்துக்கு முதலிடம் கொடுக்கும், வாஸ்தவம். தலை குனிந்திருந்தாலோ, மாலை பாதி முகத்தை மறைத்தாலோ கோட்டை விட்டுவிடும்.

இதற்குச் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். படம் எடுக்குமுன் திரையில் அவர் முகத்தை விரலால் ஒரு தொடு தொடுங்கள். சின்னக் கட்டமோ வட்டமோ வரும், அங்கேதான் ஃபோகஸ். கொஞ்ச நேரம் அழுத்தியே பிடித்தால் நிறைய போன்களில் அது அப்படியே பூட்டிக்கொள்ளும். முகத்தைத் தொட்டால் வெளிச்சமும் அதற்குத் தகுந்தபடி மாறுவதால், ஜன்னல் பக்கம் நிற்பவர் கறுப்பாக விழ மாட்டார். அதோடு லென்ஸைத் துடையுங்கள். நம் சமையல் கை எண்ணெய்தான் பாதி மங்கலுக்குக் காரணம்!

எங்கள் அத்தை (மாமியார்தான்) 2023-ல் தவறிப்போனார். சட்டம் போட ஒரு படம் தேடினோம். வீட்டு விசேஷங்களில் எடுத்தது இருநூறுக்கு மேல் இருந்தது. அத்தை எப்போதும் பின்வரிசை, இல்லாவிட்டால் அடுப்படி. அவர் சிரித்த மாதிரி இருந்தது ஒரே ஒரு படம், நாத்தனார் வளைகாப்பில் உறவுக்காரப் பையன் ஒருவன் எடுத்தது. அதில் வளையல் தட்டில் இருந்த ஒவ்வொரு வளையலையும் எண்ணலாம், அத்தை முகம் மட்டும் புகை மாதிரி! ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் போட்டுத் தெளிவாக்கிக் கொடுத்தார்கள். தோல் வழவழவென்று, கண் மை தீட்டின மாதிரி, அழகாகத்தான் இருந்தது. மூக்கோரம் இருந்த மச்சத்தைக் காணோம். என் வீட்டுக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அம்மா இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். படம் எடுக்கும்போதே விழாத மச்சத்தை எந்தக் கம்ப்யூட்டரும் கொண்டுவர முடியாது, அதுவாக ஒரு முகத்தைக் கற்பனை பண்ணி ஒட்டுகிறது, அவ்வளவுதான். கடைசியில் ரேஷன் கார்டுக்கு எடுத்த பழைய படத்தைத்தான் பெரிசு பண்ணி மாட்டினோம். அதில் சிரிப்பு இல்லை.

மாத்திரை அட்டையைப் படம் பிடித்து வெளியூர்ப் பிள்ளைக்கு அனுப்புகிறோமே, அங்கேயும் இதே கதைதான். ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் லென்ஸால் ஃபோகஸ் செய்ய முடியாது. ஒரு முழம் தள்ளிப் பிடித்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, எழுத்தைத் தொட்டு எடுங்கள். மருந்து பெயரில் ஓர் எழுத்து மாறினால் வேறு மருந்தாகிவிடும், விளையாட்டில்லை.

ஓடுகிற குழந்தை கலங்குவது வேறு விஷயம். அது ஃபோகஸ் குற்றமில்லை, வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். வாசலுக்கு அழைத்து வந்து எடுங்கள்.

எடுத்ததும் ஆளை உடனே விட்டுவிடாதீர்கள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். கண் தெளிவாக இருந்தால் போதும், காது, கொண்டை கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. எங்கள் அம்மாவை நான் இப்போதெல்லாம் காலையில் திண்ணையில் கீரை ஆயும்போதுதான் எடுக்கிறேன். "எனக்கெதுக்குடி போட்டோ, பேத்தியை எடு" என்பார். பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று முகத்தைத் தொட்டு மூணு நாலு எடுத்துவிடுவேன். போன வாரம் எடுத்ததில் மூக்குத்திக் கல் கூடத் தெரிகிறது.