தோள் நழுவிய நாளுக்குப் பிறகு

எலும்பு முறிந்தவர்களும் மூட்டு நழுவியவர்களும் ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் தேடி வரும் ஊர் புத்தூர். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற ஊருக்குத் தெரியும், ஒரு மூட்டு இடம் மாறினால் என்னென்ன நின்றுபோகும் என்று. 2009 ஜூன் 13 அன்று பிரான்சின் லே மான்ஸில் பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் நழுவியது கோவை கார் பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனின் தோள். பிட் சுவரிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார். 24 மணி நேரப் பந்தயத்தில் முதன்முதலாகப் புறப்பட வேண்டிய இந்தியர், ஓரமாக நிற்க வேண்டியதாயிற்று.

அவர் ஓட்டவிருந்த காரும் லேசுப்பட்டதல்ல. ஆடி ஆர்10 டிடிஐ: 5.5 லிட்டர், 12 சிலிண்டர், இரட்டை டர்போ டீசல் எஞ்சின், 650 குதிரைத்திறன். டீசல் என்றால் லாரியும் டிராக்டரும்தான் என்றிருந்த காலத்தில், 2006 மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் இறங்கி முதல் ஓட்டத்திலேயே வென்றது. அதே ஆண்டு ஜூனில் லே மான்ஸையும் வென்றது; அங்கே டீசல் கார் ஜெயித்தது அதுவே முதல்முறை. பெரிய சத்தமில்லாமல் அது கடந்துபோனதைப் பார்வையாளர்கள் வியந்து பேசினார்கள். 2007இலும் வெற்றி. 2008இல் பூஜோ 908 வேகத்தில் முந்தியிருந்தும், இரவு மழையில் ஆடியே ஜெயித்தது. என் கணக்கில் அந்தக் காரின் மிகப் பெரிய ஓட்டம் அதுதான்.

2009இல் ஆடி புதிய ஆர்15ஐக் கொண்டுவர, பழைய ஆர்10 கார்கள் கோலஸ் என்ற தனியார் அணிக்குப் போயின. நரேன் இல்லாததால், மூவர் ஓட்ட வேண்டிய காரை ஆந்த்ரே லாட்டரரும் சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மனும் இருவராக ஓட்டி ஏழாவதாக முடித்தார்கள். லாட்டரர் அதன்பின் ஆடியின் சொந்த அணியில் சேர்ந்து மூன்றுமுறை லே மான்ஸ் வென்றார். நரேனும் அங்கிருந்தால் என்ற நினைப்பு இன்னும் வலிக்கிறது.

ஒரு காலத்தில் நம் பக்கத்தில் பந்தயம் என்றால் சோழவரம். செங்குன்றத்துக்கு அருகே, போர்க்கால விமான ஓடுதளத்தில் 1950களிலிருந்து கார்கள் ஓடின. விடிய விடிய ஓட்டுவது அங்கே பழக்கமில்லை. அந்தப் பந்தயங்களை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். அவருடைய பேரன் கருண் சந்தோக் 2012இல் ஜேஆர்எம் அணியின் எச்பிடி காரில் லே மான்ஸில் புறப்பட்டு, ஆறாவதாக முடித்தார். நரேன் தவறவிட்ட முதல் புறப்பாடு சென்னைக்காரருக்கு அமைந்தது.

இன்று டீசல் கார் லே மான்ஸில் இல்லை. 2016உடன் ஆடியும் விலகியது. முன்னணியில் ஓடுபவை பெரும்பாலும் பெட்ரோலோடு மின்சாரமும் சேர்ந்த ஹைபிரிட் கார்கள். ஆனால் நம் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே காரோடு தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியைப் பார்த்துப் பதறிய ரசிகர்கள், சில நாளில் அவர் தேசியக்கொடியோடு ஓடிவந்ததையும் பார்த்தார்கள். எத்தனையோ தமிழ் வீடுகள் 24 மணி நேரப் பந்தயம் ஒன்றை உட்கார்ந்து கவனித்தது அப்போதுதான்.