விளையாட்டில் பயிலும் ஒளிக்கலை

பிள்ளைகள் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்துவிட்டால் உணவையும் உறக்கத்தையும் மறந்துவிடுகின்றனர் என்று வருந்தாத தமிழ்க் குடும்பம் புனேயில் அரிது. அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், விளையாட்டு யாவும் வீண்பொழுதே என்று ஒதுக்கிவிடுவதும் முறையன்று. காமிராவைக் கையாளும் கலையைக் கற்பிக்கக்கூடிய விளையாட்டுகளும் இன்று உண்டு. அவற்றால் விளையும் பயன் யாது, அப்பயன் எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1999-இல் வெளியிட்ட ‘போக்கிமான் ஸ்நாப்’ இவ்வகையில் புகழ்பெற்றது. அதில் விந்தைப் பிராணிகளைச் சுடுவதில்லை. படம் பிடிக்க வேண்டும். ஒரு பயணத்திற்கு 60 படங்களே எடுக்கலாம். உருவத்தின் அளவும் நிலையும் அமைப்பும் கண்டு மதிப்பெண் வழங்கப்படும். 2025-இல் வெளிவந்த ‘லஷ்ஃபாயில் ஃபோட்டோகிராஃபி சிம்’ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மாட் நியூவெல் என்பார் உருவாக்கிய இதில், உலகின் உண்மையான இடங்களை ஒத்த நிலக்காட்சிகளில் உலவி, குவியத்தையும் ஒளியளவையும் விளையாடுபவர் தாமே திருத்திக்கொள்ள வேண்டும்.

இத்திருத்தத்தின் சூட்சுமம் குழாயடியில் குடம் நிரப்பும் தாய்மார்களுக்கு எளிதில் விளங்கும். குழாயை அகலத் திறந்தால் குடம் விரைவில் நிரம்பும். சிறுகத் திறந்தால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். காமிராவில் குழாயின் திறப்பே அபெர்ச்சர்; நீர் விழும் நேரமே ஷட்டர் வேகம். ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவது குடத்தைச் சிறிதாக்குவது போன்றது; குறைந்த ஒளியே போதும், ஆனால் படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். எஃப்/8 திறப்பில் நொடியில் 125-இல் ஒரு பங்கு நேரம் புகும் ஒளியும், எஃப்/5.6 திறப்பில் 250-இல் ஒரு பங்கு நேரம் புகும் ஒளியும் சமமே. எண் குறையக் குறையத் திறப்பு விரியும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

ஒளி சமமாயினும் படம் ஒன்றாகாது. திறப்பு விரிந்தால் முகம் தெளிந்து பின்னணி மங்கும்; ஒடுங்கினால் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளியும். விநாயகர் ஊர்வலத்தில் டோல் அடிப்பவரை நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால் கோல் அந்தரத்தில் நிற்கும். 30-இல் ஒரு பங்கில் எடுத்தால் அது கலங்கி, அடியின் வேகம் புலப்படும். எது வேண்டும் என்று தீர்மானிப்பதே கலை. பொருட்செலவின்றி, காமிரா பழுதாகுமென்ற அச்சமுமின்றி, இவ்வேறுபாடுகளைப் பன்முறை மாற்றிப் பார்த்துத் தெளிய விளையாட்டு உதவுகிறது.

ஆனால் வீட்டில் ஒரு சோதனை காத்திருக்கிறது. ஊரிலிருந்து வந்து சில வாரங்களே தங்கிச் செல்லும் பாட்டியைப் பிரகாசமான ஜன்னலின் முன் அமர்த்திப் படம் எடுக்கிறோம். காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சமாக்க முயலும் காமிரா, ஜன்னலின் ஒளியைக் கண்டு அளவைக் குறைத்துவிடும். ஜன்னலும் மரமும் அழகாக விழ, பாட்டியின் முகம் கரிய நிழலாகும். ஒளியளவைக் கூட்ட அறிந்த பிள்ளை அம்முகத்தை மீட்பான். ‘பாட்டி, சற்று ஜன்னல் பக்கம் திரும்புங்கள்’ என்று அன்போடு சொல்ல அறிந்தவன் இன்னும் நன்றாக மீட்பான். பின்னதை எந்த விளையாட்டும் கற்பிப்பதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் நம்மிடம் எஞ்சப்போவது அந்த ஒரு படமாகவே இருக்கலாம் அன்றோ?

இக்கலைக்கும் நம் நகருக்கும் உறவு பழையது. பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-இல் தோன்றிய திரைப்படக் கல்லூரி புனேயின் பெருமைகளுள் ஒன்று. இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த தமிழர் பாலு மகேந்திரா ஒளிப்பதிவு பயின்றது இங்கேதான். இயற்கை ஒளியை நேசித்த அவர், 1977-இல் வெளிவந்த ‘கோகிலா’ என்னும் கன்னடப் படத்திற்கும், 1982-இல் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’க்கும் சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றார். தாய்மண்ணை விட்டு நெடுந்தூரம் வந்து கற்ற கலை அவருக்குப் பெயர் தந்தது.

ஆகவே பெற்றோர் விளையாட்டை அடியோடு தடுக்க வேண்டுவதில்லை, அளவோடு அனுமதிக்கலாம். அரைமணி விளையாடிய பிள்ளையின் கையில் காமிராவையோ செல்பேசியையோ கொடுத்து, ஜன்னலருகே ஒரே முகத்தை மூன்று விதமான ஒளியளவில் எடுத்து வரச் சொல்லுங்கள். பின்னர் மூன்றையும் குடும்பத்தோடு அமர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். நன்றாக வந்ததை ஊருக்கு அனுப்பி வையுங்கள். திரையில் கற்றது வீட்டில் பயன்பட்டதா என்பதற்கு அதுவே சரியான தேர்வு.